சயாமுக்கு விடுமுறைப் பயணம்: வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா.

நாங்கள் மலேசியாவின் சிலிம் ரிவரில் வசிக்கிறோம். வரும் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுடன் காரில் தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குச் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். குவாய் ஆற்றுப் பாலம், போர்க் கல்லறை, அரும்பொருளகம் ஆகியவற்றைப் பார்க்க எண்ணம். என் மாமியார் இதை ஏற்கவில்லை. அவருடைய பெரியப்பா ஜப்பானியர் காலத்தில் ரயில்பாதை போடும் வேலைக்காகத் தோட்டத்திலிருந்து சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாதவர். "செத்த இடத்துக்கு யாராவது உல்லாசமாகப் போவார்களா?" என்று கேட்கிறார். போவது தவறா?

ஒரு வாசகி, சிலிம் ரிவர்

அன்புள்ள சகோதரி,

தவறில்லை, போய் வாருங்கள். இயலுமானால் உங்கள் மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள். அவருடைய கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் நாம் போகாமல் இருந்ததால் இறந்தவர்களுக்கு எந்த மரியாதையும் கிடைத்துவிடவில்லை. காஞ்சனபுரிக்கு அப்பால் ஜப்பானியரிடம் சிக்கிய ஆஸ்திரேலியப் போர்க் கைதிகள் அந்த ரயில்பாதைக்காகச் சுத்தியலும் உளியும் கொண்டு பாறையைக் குடைந்த 'ஹெல்ஃபயர் பாஸ்' என்னும் இடத்தில், ஆண்டுதோறும் ஏப்ரல் 25 விடியற்காலையில் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். அவர்களும் விடுமுறை எடுத்துக்கொண்டு, விடுதியில் தங்கி, படகில் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புகிறார்கள். அந்த வருகைதான் அங்கே ஒரு நினைவகம் எழவும் நிலைக்கவும் காரணமானது.

எனக்குள்ள கவலை வேறு. பார்ப்பதற்கென்று ஒழுங்குபடுத்தி வைக்கப்பட்டிருப்பதை மட்டும் பார்த்துவிட்டு, அதுவே முழு வரலாறு என்று பிள்ளைகள் எண்ணிவிடக்கூடாது. நகரின் நடுவே உள்ள போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேர் அடக்கமாகியிருக்கிறார்கள். வெட்டிச் சீராக்கிய புல்வெளியில் வரிசை வரிசையாகப் பெயர், படைப்பிரிவு, வயது என்று பொறித்திருக்கும். ஏறத்தாழ எல்லாரும் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் படையினர். உங்கள் மாமியாரின் பெரியப்பாவை அங்கே தேடினால் கிடைக்கமாட்டார்.

கடல்வழி பாதுகாப்பற்றது என்பதால் பர்மாவில் இருந்த தன் படைக்குத் தளவாடங்கள் அனுப்ப ஜப்பான் போட்ட இந்த ரயில்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். அதில் உழைத்த போர்க் கைதிகள் சுமார் 60,000 பேர்; இறந்தவர்கள் 12,000க்கும் மேல். ஆசியத் தொழிலாளர்களோ அவர்களைப்போல மூன்று மடங்கு, இன்னும் கூடுதலாகவும் இருக்கலாம் என்கிறார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். ரப்பர் ஏற்றுமதி நின்று, வேலையும் அரிசியும் இல்லாமல் லயங்கள் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகள்) பட்டினி கிடந்த காலம் அது. மூன்று மாத ஒப்பந்தம், நாட்கூலி என்ற பேச்சை நம்பிச் சிலர் போனார்கள். மற்றவர்களைப் பிடித்து ஏற்றினார்கள். சில குடும்பங்கள் பிள்ளைகளோடு போயின.

ஏன் ஒரு சாராருக்குக் கல்லறை இருக்கிறது, மறுசாராருக்கு இல்லை என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லுங்கள். கைதிகளின் அதிகாரிகள் இறந்தவர்களின் பட்டியலையும் புதைத்த இடங்களையும் உயிருக்கு அஞ்சாமல் மறைவாக எழுதி வைத்தார்கள். போர் முடிந்த கையோடு, 1945 செப்டம்பரில், 13 பேர் கொண்ட ஒரு குழு அந்தப் பாதை நெடுகிலும் சென்று, 144 இடங்களில் 10,000க்கும் மேற்பட்ட புதைகுழிகளை அடையாளம் கண்டது. நம்மவர்களுக்கு அதிகாரி இல்லை, மருத்துவர் இல்லை, பட்டியலும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா பரவியபோது இறந்தவர்களைக் கூட்டம் கூட்டமாக எரித்தார்கள், குழிகளில் தள்ளி மூடினார்கள். போர்க் கல்லறை ஆணையத்தின் பொறுப்பு சீருடை அணிந்தவர்களோடு முடிந்தது. அந்த ஆணையத்தைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அது ஏற்ற கடமையைக் குறைவின்றிச் செய்தது. நாள்தோறும் விடியுமுன் பெரட்டில் (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) பெயர் கூப்பிடப்பட்டு வேலைக்குப் போன மக்களுக்காக, போருக்குப் பின் பெயர் எழுத ஒருவரும் முன்வரவில்லை என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

ஆகவே புறப்படும் முன் உங்கள் மாமியாருடன் உட்கார்ந்து, அவருடைய பெரியப்பாவின் பெயர், எந்தத் தோட்டம், யாருடன் போனார், திரும்பி வந்த எவரேனும் அவரைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதையெல்லாம் பிள்ளைகளைக்கொண்டே எழுதச் செய்யுங்கள். காஞ்சனபுரிக் கல்லறைக்கு அருகிலேயே வாட் தாவோர்ன் வராராம் என்னும் பௌத்த ஆலயம் இருக்கிறது. அங்கே தமிழ்த் தொழிலாளர்களுக்காக 2023இல் ஒரு நடுகல் எழுப்பப்பட்டது. முதலில் அங்கே செல்லுங்கள்; மாமியார் விரும்பினால் தம் முறைப்படி விளக்கேற்றிக் கும்பிடட்டும். பிறகு கல்லறை, அதன் பக்கத்திலுள்ள ரயில்பாதை அரும்பொருளகம். பாலத்துக்குக் கடைசியாகப் போகலாம். அங்கே படம் எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வளைந்த இரும்புக் கட்டுகள் போர்க்காலத்தவை, நடுவிலுள்ள கோண வடிவிலான இரண்டும் போருக்குப் பின் மாற்றப்பட்டவை என்று காட்டுங்கள். கல்லறைக் கற்களில் சாய்ந்து நின்று படமெடுப்பதை மட்டும் அனுமதிக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் குடியிருக்கும் ஊரே ஒரு போர்க்களம். 1942 ஜனவரி 7 அன்று விடியுமுன் ஜப்பானிய டாங்கிகள் துரோலாக் பக்கமிருந்து பெருஞ்சாலையிலேயே இறங்கி, காலைக்குள் சிலிம் ஆற்றுப் பாலத்தைப் பிடித்தன. வழியில் குளூனி தோட்டத்தருகே சாலையில் நடந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் தரப்புக் கூர்க்காப் படையினர் சிதறடிக்கப்பட்டனர். நான்கு நாளில் கோலாலம்பூர் வீழ்ந்தது. அந்தச் சாலையில் பள்ளிக்குப் போய்வரும் பிள்ளைகள் இதை அறிந்த பிறகு எல்லை தாண்டுவதே முறை.

வடக்கே போகும் வழியில் தைப்பிங்கிலும் ஒரு போர்க் கல்லறை உண்டு. மலாயாப் போரில் மடிந்த இந்தியப் படையினர் பலர் அங்கே உறங்குகிறார்கள். பெயர் தெரியாதவர்களும் ஏராளம். மலையேறும் சாலை அதை இரண்டாகப் பிரிக்கிறது. ஒருபுறம் கிறித்துவர்கள், மறுபுறம் இந்துக்களும் முஸ்லிம்களும். காரை நிறுத்தி இரண்டு புறமும் நடந்து பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் எழுத்தாளன்