நீட் வேண்டாம், மூளைப் புரதம் படிக்கிறேன் என்கிற மகள்

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தாத்தா பக்கவாதத்தில் படுத்ததைப் பார்த்ததிலிருந்து, பிளஸ் டூ படிக்கும் மகள் "டாக்டர் வேண்டாம், மூளையைக் காக்கும் புரதங்களைப் பற்றி ஆராயப்போகிறேன்" என்கிறாள். அப்படி ஒரு படிப்பு உண்டா, அது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. சோறும் போடும். கொஞ்சம் தாமதமாகப் போடும்.

அவள் பேசுவது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன என்பது 2006இல் வெளியான கணக்கு. ரத்தம் கிடைக்காத மூளை இடத்தின் நடுப்பகுதி சீக்கிரமே செத்துவிடும். சுற்றியுள்ள பகுதி சில மணி நேரம் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்று டாக்டர்கள் துடிப்பது அந்தப் பகுதிக்காகத்தான். அந்த நேரத்தில் செல்களும் சும்மா இருப்பதில்லை. ஹெச்எஸ்பி70 என்ற புரதத்தை அவசரமாகத் தயாரிக்கின்றன. மடிப்புக் குலைந்த மற்ற புரதங்களை அது திரும்ப மடித்துவிடும்; செல் தன்னைத்தானே அழித்துக்கொள்வதையும் தடுக்கப் பார்க்கும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவான நியூரோகுளோபின் என்று இன்னொரு புரதமும் உண்டு, 2000இல் கண்டுபிடித்தது.

இந்தக் காவலை மருந்தாக மாற்ற முடியுமா என்பதுதான் உங்கள் மகளின் கேள்வி. நல்ல கேள்வி. ஆனால் இந்தத் துறையில் தோல்வி அதிகம். அதை அவளிடம் மறைக்காதீர்கள். எலியைக் காப்பாற்றிய எத்தனையோ மருந்துகள் மனிதரிடம் பலிக்கவில்லை. நரம்பு செல்களைக் காக்க உருவாக்கிய நெரினெடைடு என்றொரு சின்னப் புரதத் துண்டு, வெறும் 20 அமினோ அமிலம். 2020இல் வெளியான பெரிய சோதனையில் மொத்தத்தில் பலன் தெரியவில்லை. கட்டி கரைக்கும் ஊசி போடாதவர்களிடம் மட்டும் பலன் இருப்பதுபோலத் தெரிந்தது. அந்த ஊசி உடலில் தூண்டிவிடும் பிளாஸ்மின் என்ற நொதி, நெரினெடைடையும் சேர்த்து வெட்டிவிடுகிறது! சரி, ஊசி போடாதவர்களுக்கு மட்டும் கொடுத்துப் பார்ப்போம் என்று மறுபடி சோதித்தார்கள். அதிலும் பலன் உறுதியாகவில்லை. இதைக் கேட்டு அவள் முகம் வாடுகிறதா, "ஏன்?" என்று கேட்கிறாளா, கவனியுங்கள்.

ஹெச்எஸ்பி வகைப் புரதங்களின் கதையே 1962இல் பழ ஈயில் தொடங்கியது. ரிட்டோசா என்ற இத்தாலிய விஞ்ஞானியின் ஆய்வகத்தில் ஈ வளர்த்த பெட்டியின் சூட்டை யாரோ கூட்டிவிட, குரோமோசோமில் புதிய புடைப்புகள் தெரிந்தன. சூட்டைச் சமாளிக்க இந்தப் புரதங்களைத் தயாரிக்கும் மரபணுக்கள் வேலை செய்ததன் அடையாளம் அவை என்று பிறகுதான் புரிந்தது. பக்கவாதத்தை அன்று யாரும் நினைக்கவே இல்லை. அதனால் "நேராக மூளைப் படிப்பு எங்கே?" என்று பதினேழு வயதில் தேட வேண்டாம். உயிர்வேதியியலும் செல் உயிரியலும் அஸ்திவாரமாக இருந்தால் போதும்.

வழி இதுதான்: மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களான ஐசர் நடத்தும் ஐஏடி நுழைவுத்தேர்வு, ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு. நமக்குப் பக்கத்தில் திருப்பதியும் திருவனந்தபுரமும். இயற்பியல், வேதியியல், உயிரியல், கணக்கு நான்கிலும் கேள்வி வரும். அவள் கணக்கு இல்லாத ப்யூர் சயின்ஸ் குரூப் என்றால், கணக்கைத் தனியாக இப்போதே படிக்கத் தொடங்கச் சொல்லுங்கள். அது கிடைக்காவிட்டால் நல்ல கல்லூரியில் பி.எஸ்சி. உயிர்வேதியியல், பிறகு எம்.எஸ்சி. அதுவும் குறைந்த வழி அல்ல. பிஎச்.டி.க்கு மனநலம், நரம்பியலுக்கான பெங்களூரு நிம்ஹான்ஸ், மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவற்றைப் பாருங்கள்.

பணம்? நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. படித்து முடிக்கும்போது இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயது ஆகிவிடும். கல்யாணப் பேச்சை அதுவரை தள்ளிப்போட வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா என்று இப்போதே பேசிவிடுங்கள். பாதியில் நிறுத்திய பெண்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன், மனசு பொறுக்கவில்லை.

அடுத்த முறை வரும்போது மகளையும் அழைத்து வாருங்கள். ஆறு மாதம் செய்த சோதனை ஒன்றுமில்லாமல் போனால் மறுநாள் காலை என்ன செய்வாய் என்று அவளிடமே கேட்க வேண்டும்.