அவருக்கு அழகில்லை என்று ஏன் எழுதியிருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கோயிலில் நாங்கள் வழக்கமாக உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே இயேசுவின் பெரிய படம் ஒன்று இருக்கிறது. வெள்ளை முகம், சுருள் முடி, மாசு மருவில்லாத தோல். என் அம்மாவுக்குப் பத்து வருடமாக சோரியாசிஸ், கை, கால், கழுத்து எல்லாம் செதில். "இந்த மேலை வச்சுக்கிட்டு அந்தப் படத்துக்கு முன்னால எப்படி உக்கார" என்று கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். கடவுள்தான் அழகின் ஊற்று என்று பிரசங்கத்தில் கேட்கிறோம். ஏசாயாவிலோ அவருக்கு அழகில்லை என்று இருக்கிறது. எதை நம்புவது?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: சகோதரி, முதலில் அம்மாவிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். அந்த முகம் ஓவியர் மனதில் நினைத்து வரைந்த முகம். இயேசு என்ன நிறம், என்ன உயரம், மூக்கும் முழியும் எப்படி என்று நான்கு சுவிசேஷத்தில் ஒரு வரிகூடக் கிடையாது.

நீங்கள் கேட்ட கேள்வி பழைய கேள்விதான். 45ஆம் சங்கீதம் "எல்லா மனுபுத்திரரிலும் நீர் மகா சௌந்தரியமுள்ளவர்" என்கிறது, சபை அதை இயேசுவைப் பற்றியதாகவே வாசித்தது. ஏசாயா 53 "அவருக்கு அழகுமில்லை, சௌந்தரியமுமில்லை" என்கிறது, அதையும் இயேசுவைப் பற்றியதாகவே வாசித்தது. பழைய காலத்துச் சபைப் பெரியவர்களில் தெர்த்துல்லியன் ஏசாயாவைப் பிடித்துக்கொண்டு அவர் பார்க்கச் சாதாரணமாகத்தான் இருந்தார் என்றார், கிறிசோஸ்தோம் சங்கீதத்தைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்ப்பதே ஒரு பேறு என்றார். இன்றைய அல்ஜீரியாவில் ஹிப்போ என்ற ஊரில் பிஷப்பாக இருந்த அகஸ்டின் (354–430) இதற்குச் சொன்ன பதில்தான் எனக்குப் பிடித்தது. இரண்டு குழல்கள் வேறு வேறு சுரத்தில் ஒலிப்பதுபோல் இருக்கிறது, ஆனால் இரண்டையும் ஊதுகிற ஆவி ஒன்று என்கிறார். நம்மேல் வைத்த அன்பினால் நம்முடைய அலங்கோலத்தை அவர் ஏற்றுக்கொண்டார், அந்த அலங்கோலம்தான் நமக்கு உருவம் கொடுக்கிறது என்று விளக்குகிறார். அப்புறம் அந்தச் சங்கீதத்துக்கு உரை சொல்லும்போது வரிசையாக அடுக்குகிறார்: வானத்தில் அழகர், கர்ப்பத்தில் அழகர், அற்புதம் செய்தபோது அழகர், சாட்டையடி பட்டபோதும் அழகர், மரத்தில் தொங்கியபோதும் அழகர், கல்லறையிலும் அழகர்.

இதை வார்த்தையாகக் கேட்பது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. பிரான்சில் அல்சாஸ் பகுதியில் ஈசன்ஹைம் என்ற ஊரில் அந்தோணியார் சபைத் துறவிகளின் மடமும் மருத்துவமனையும் இருந்தன. அந்தக் காலத்தில் ரை என்ற தானியத்தின் கதிரில் ஒரு பூஞ்சை பிடிக்கும். அந்த ரொட்டியைத் தின்ற ஏழைகளுக்கு உடம்பு நெருப்பாய் எரியும், தோல் வெடித்துப் புண்ணாகும், விரலும் காலும் கறுத்து அழுகும். அந்தோணியார் நெருப்பு என்றே அதற்குப் பெயர். அந்த நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதுதான் இந்தத் துறவிகளின் வேலை. 1512க்கும் 1516க்கும் இடையில் மத்தியாஸ் குரூன்வால்ட் என்ற ஓவியர் அவர்களுக்காக ஒரு பீடத்துக்குக் கதவு கதவாகத் திறக்கும் பலகைகளில் படம் வரைந்து கொடுத்தார்.

அதன் அச்சுப் பிரதி ஒன்று என் மேசையில் இருக்கிறது. கதவுகள் மூடியிருக்கும்போது தெரிவது சிலுவைக் காட்சி. விரல்கள் பத்தும் வலியில் விறைத்து விரிந்திருக்கின்றன. பாதம் முறுக்கி வீங்கிப்போயிருக்கிறது. உதடு நீலம் பாரித்திருக்கிறது. தோலைக் கிட்டப் பார்த்தால் உச்சந்தலையிலிருந்து முழங்கால் வரை முழுக்கப் புண், முள் குத்திய இடத்தில் முள்ளே நிற்கிறது, சுற்றிப் பச்சை பாரித்திருக்கிறது. கட்டிலிலிருந்து எழுந்துவந்து அதற்கு முன்னால் நின்ற நோயாளி தன் தோலைத்தான் அங்கே பார்த்திருப்பான்.

பண்டிகை நாளில் கதவைத் திறந்தால் உள்ளே வலப்பக்கம் உயிர்த்தெழுந்த கிறிஸ்து, இருட்டு வானத்தில் சூரியன்போல ஒரு வட்டத்துக்குள். தோலில் ஒரு கீறல் இல்லை. ஆனால் ஆணித் தழும்புகளை ஓவியர் அழிக்கவில்லை, அவை ஒளிவிடுகிற மாதிரி வரைந்திருக்கிறார். மகிமை என்று வேதத்தில் வரும்போதெல்லாம் எனக்கு இந்தப் பலகைதான் நினைவுக்கு வரும்.

கோல்மார் நகரத்து உண்டர்லிண்டன் அருங்காட்சியகத்தில் இப்போது அது இருக்கிறது. போனில் தேடினாலே கிடைக்கும். முதல் படம் பார்க்கக் கொடூரமானது, அதனால் நீங்கள் முதலில் பாருங்கள், அம்மா தாங்குவார் என்று தோன்றினால் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டையும் சேர்த்துக் காட்டுங்கள். அப்புறம் கோயிலில் இடத்தை மாற்றி உட்காருவதிலும் தப்பில்லை, கூட நீங்கள் உட்கார்ந்தால் போதும்.

கேள்வி: பூ, புடவை, பாட்டு என்று எதை ரசித்தாலும் "இதெல்லாம் லௌகீகம்" என்கிறார் எங்கள் வீட்டுப் பெரியவர். அழகை ரசிப்பது பக்திக்கு விரோதமா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: இல்லை. ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் தேவன் "நல்லது" என்று காணும் இடத்தில் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் வரும் சொல் கலோன். அழகு, நன்மை இரண்டையும் சேர்த்துச் சொல்லும் சொல் அது. "நானே நல்ல மேய்ப்பன்" என்பதிலும் அதே சொல்தான். புடவை பற்றிக் கேட்டீர்கள், யாத்திராகமம் 28இல் ஆரோனுக்கு மகிமையும் அலங்காரமுமாக உடை தைக்கச் சொன்னது கர்த்தரே. பெசலெயேல் என்ற கைவினைஞனைத் தேவ ஆவியால் நிரப்பியது பொன், வெள்ளி, ரத்தினம், மரம் என்று வேலை செய்வதற்காக. பெரியவர் பயப்படுவதிலும் நியாயம் உண்டு, அழகான பொருளின் பின்னால் ஓடி அதைத் தந்தவரை மறந்தேன் என்று அகஸ்டினே அழுதிருக்கிறார். பெரியவரிடம் சண்டை போடாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஆலயத்தில் பளிங்குத் தரை, தங்க முலாம் பூசிய பீடம் என்று பெரிய செலவில் திட்டம் போடுகிறார்கள். சபையில் கூரை ஒழுகும் வீடுகள் இருக்கின்றன. கேட்டால் "கடவுளுக்குச் செய்வதில் கணக்குப் பார்க்கலாமா" என்கிறார்கள்.
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: பாரீசுக்குப் பக்கத்தில் சான் தெனி மடத்து அதிபர் சூஜே 1144இல் வண்ணக் கண்ணாடியும் ரத்தினமும் பொன்னுமாக ஆலயத்தின் பலிபீடப் பகுதியைக் கட்டினார். அந்த ஒளி மனதைப் பொருளிலிருந்து கடவுளிடம் தூக்கிக்கொண்டு போகிறது என்று மனதார நம்பினார், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அதற்குச் சுமார் இருபது வருடம் முன்பே பெர்னார்டு என்ற துறவி இப்படிப்பட்ட ஆடம்பரத்தைப் பார்த்து எழுதிவிட்டார்: சபை தன் கற்களுக்குப் பொன் உடுத்துகிறது, தன் பிள்ளைகளை நிர்வாணமாக விட்டுவிடுகிறது. அவருடைய சபையினர் ஃபோன்தெனேயில் கட்டிய ஆலயம் 1147இல் பிரதிஷ்டை ஆனது. சிலை அலங்காரம் கிடையாது, வெறும் கல்லும் சன்னல் வழியாக விழுகிற வெளிச்சமும்தான். அவ்வளவு அழகான கட்டடம்! அழகுக்குப் பணம் கட்டாயம் என்று உங்கள் கமிட்டியில் யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள்.

அவர்கள் பதிலுக்குப் பெத்தானியாவில் இயேசுவின்மேல் தைலம் ஊற்றிய பெண்ணைக் காட்டுவார்கள். நியாயம்தான், முந்நூறு பணத்துக்கு மேல் விலை, ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்றவர்களிடம் அவள் நற்கிரியை செய்தாள் என்று இயேசு சொன்னார், அங்கேயும் அந்தக் கலோன்தான். ஆனால் அவள் உடைத்தது தன்னுடைய குப்பியை. இரண்டு நாளில் சாகப்போகிற ஒருவரின் உடம்பில்தான் அதை ஊற்றினாள். உங்கள் கமிட்டி செலவழிக்கப்போவது ஊரார் காணிக்கையை, அதிலே கூரை ஒழுகுகிற வீட்டுக்காரர் போட்டதும் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் அந்த வீடுகளின் பட்டியலையும் ஓடு மாற்ற ஆகும் செலவையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், பளிங்கு விலை பேசுவதற்கு முன்னால் அதை வாசிக்கச் சொல்லுங்கள்.