துவர்ப்பு தெரிந்த நாக்கு

ஐயா,
மகள் கேப் டவுணில் வேலை பார்க்கிறாள். ஜனவரியில் நானும் மனைவியும் போகிறோம். ஒரே நாளில் டேபிள் மலையையும் ஸ்டெல்லன்போஷ் வைன் தோட்டங்களையும் காட்ட வேன் பேசி வைத்திருக்கிறாள். நாங்கள் மது தொடாதவர்கள். மலையோடு திரும்பிவிடலாமா? நீங்கள் போய் வந்தவர் என்பதால் கேட்கிறேன்.
எஸ்., வெள்ளவத்தை

அன்புள்ள எஸ்.,

தோட்டத்தை விட்டுவிடாதீர்கள்.

மலைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். உயரம் 1,085 மீட்டர்தான், நம் அட்டனை விடக் குறைவு. ஆனால் கடற்கரையிலிருந்து சுவர் மாதிரி எழுந்து நிற்பதால் கண்ணுக்கு இரண்டு மடங்காகத் தெரியும். ஜனவரியில் தென்கிழக்குக் காற்று பிடித்தால் உச்சியை மேகம் மூடிவிடும், கேபிள் காரையும் நிறுத்திவிடுவார்கள். ஸ்டெல்லன்போஷ் அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் அளவில்தான்.

இனி ருசி. என் அப்பா கொழும்பில் ஒரு தேயிலைத் தரகர் கம்பனியில் வேலை செய்தார். பள்ளி விடுமுறையில் என்னையும் கூட்டிப்போவார். நீண்ட மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருக்கும். ருசி பார்ப்பவர் ஒரு கரண்டி சாயத்தை 'சர்ர்' என்று காற்றோடு உறிஞ்சுவார். ஒரு கணம் வாயில் வைத்திருந்துவிட்டுத் துப்புவார். ஒரு சொட்டும் விழுங்கமாட்டார். வைன் அறையிலும் அதே முறைதான், துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள், யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். சிவப்பு வைனில் ஈறைப் பிடிக்கும் துவர்ப்பு திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வருவது. சாயம் கூடின பிளேன்டீயில் நாம் தினமும் குடிப்பதும் அதன் உறவுதான். வாயில் வைக்கவே மனம் வராவிட்டால் மோந்து பாருங்கள். பாதி ருசி மூக்கில்தான் இருக்கிறது.

ஆனால் நான் உங்களைப் போகச் சொல்வதற்குக் காரணம் வேறு. ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்தது 1656இல். கேப்பில் அவர்கள் முதல் வைன் பிழிந்தது 1659இல். இரண்டும் ஒரே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பனியின் வேலை. அந்தக் கொடிகளுக்கு மண் கொத்த அடிமைகளைக் கப்பலில் கொண்டுபோனார்கள்: மடகஸ்கார், வங்காளம், கொரமண்டல் கரை, சிலோன். பழைய பதிவுகளில் அவர்கள் பெயருக்குப் பின்னால் 'வான் சீலோன்' என்று எழுதியிருக்கும். சிலோன்காரர் என்று அர்த்தம். அடிமை முறை ஒழிந்த பிறகும் கூலியில் ஒரு பங்கை வைனாகவே ஊற்றிக் கொடுத்தார்கள். 'டொப்' என்பார்கள். சட்டம் அதைத் தடுத்துவிட்டது, ஆனால் தாய் குடித்த மதுவால் கருவிலேயே பாதிக்கப்படும் குழந்தைகள் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் அந்தத் திராட்சைப் பகுதியும் ஒன்று. மது தொடாத உங்களுக்கு இது என்னை விட அதிகமாக உறைக்கும்.

நான் போன தோட்டத்தில், ஊற்றிக் கொடுத்த பெண்ணிடம் வேலையாட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டேன். யன்னல் பக்கம் கையைக் காட்டினார். கொடிகளுக்கு அப்பால் வெள்ளையடித்த சின்ன வீடுகள், ஒன்றோடொன்று ஒட்டி ஒரே வரிசையாக. வாசலில் ஒரு கிழவி கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் என் பெரியம்மா இருந்த லயம், அந்தத் தொழிலாளர் வரிசை வீடு, அப்படியே கண்ணில் வந்தது. கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

நீங்களும் கேளுங்கள். மறுநாள் நேரம் இருந்தால் நகரத்தின் நடுவில் 1679இல் கட்டிய அடிமைகள் விடுதி இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.