மலைச் சைக்கிளுக்கு மாற்றுச் சக்கரம்: கேள்வி பதில்

மலைச் சைக்கிளில் முதலில் நெளிவதும் உடைவதும் பெரும்பாலும் பின் சக்கரம்தான். புதுச் சக்கரம் வாங்கப் போகிறவர்கள் ரிம்மின் பளபளப்பைப் பார்க்கிறார்கள், எடையைத் தூக்கிப் பார்க்கிறார்கள். நம் சைக்கிளுக்குப் பொருந்துமா, கம்பிகள் சரியாக முறுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பவர்கள் குறைவு. சக்கரம் உழைப்பதும் உழைக்காததும் அந்த இரண்டில்தான் இருக்கிறது. பல ஆண்டுகளாக என் கையால் கம்பி கோத்து வருகிறேன். அதை வைத்துக்கொண்டு, வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

என் சைக்கிள் 26 அங்குலம். பின் சக்கரம் நெளிந்துவிட்டது. கடையில் 26 அங்குலச் சக்கரம் எதை வாங்கினாலும் பொருந்துமா அண்ணா? (கல்லூரி மாணவர், திருச்சி)

பொருந்தாது தம்பி. டயரின் பக்கவாட்டைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். 50-559 என்பதுபோல இரண்டு எண்கள் புடைத்திருக்கும். முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது, டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். மலைச் சைக்கிளின் 26 என்றால் 559. சாதாரணச் சைக்கிள்களில் வரும் 26 x 1 3/8 டயருக்கு அது 590. கடையில் இரண்டையும் 26 என்றே சொல்வார்கள். ஒன்றின் டயர் மற்றதில் உட்காராது. 27.5 அங்குலத்துக்கு 584, 29க்கு 622.

அடுத்தது ஹப்பின், அதாவது கம்பிகள் வந்து சேரும் நடுக்குடத்தின் அகலம். சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஃபிரேமில் சக்கரத்தின் அச்சு உட்காரும் பின் கவைகள் இரண்டுக்கும் நடுவில் உள்பக்கமாக அளவுகோல் வையுங்கள். விலை குறைந்த மலைச் சைக்கிளில் பெரும்பாலும் பின்னால் 135 மி.மீ., முன்னால் 100 மி.மீ. இருக்கும். அளவு பொருந்தாத ஹப்பை ‘நெம்பி உட்கார வைத்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அலுமினிய ஃபிரேம் அதைத் தாங்காது.

வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கம்பிகளைத் தளர்த்திவிட்டு ரிம்மைப் பார்க்கச் சொல்லுங்கள். தளர்த்தியதும் ரிம் நேராகிவிட்டால் பெண்டு எடுத்தாலே, அதாவது கம்பிகளை முறுக்கிச் சக்கரத்தை நேராக்கினாலே போதும், செலவு மிச்சம். தளர்த்திய பிறகும் வளைந்தே நின்றால்தான் ரிம் போய்விட்டது என்று அர்த்தம்.

ஏழு கியர் சைக்கிள். எடை 88 கிலோ. பின் ஆக்ஸில் (அச்சு) இரண்டு முறை வளைந்து, ஒரு முறை உடைந்தேவிட்டது. ஒவ்வொரு முறையும் ஆக்ஸிலை மட்டும் மாற்றுகிறேன். நல்ல ஆக்ஸில் எங்கே கிடைக்கும்? (அரசு ஊழியர், சேலம்)

ஆக்ஸிலைக் குறை சொல்லாதீர்கள் ஐயா. அதைப் பிடித்திருக்கும் ஹப்பின் அமைப்பில்தான் கோளாறு இருக்கிறது.

உங்கள் சக்கரத்தில் இருப்பது, பற்சக்கரத் தொகுதியை மரை போட்டு ஹப்பில் திருகும் ஃப்ரீவீல். அந்த வகையில் வலப்பக்கப் பேரிங் ஹப்புக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அதற்கு வெளியே ஃப்ரீவீலின் அகலம் முழுவதற்கும் ஆக்ஸில் தாங்குவாரின்றி நீண்டு கிடக்கிறது. ஏழு பற்சக்கரம் என்றால் அந்த நீளமும் அதிகம். பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு அடியும் அந்த இடத்தில்தான் விழுகிறது. கேசட் ஹப்பில், அதாவது பற்சக்கரங்களைத் திருகாமல் செருகி மாட்டும் வகையில், வலப்பக்கப் பேரிங்கைக் கவைக்கு அருகில், வெளி ஓரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆக்ஸில் அதேதான், தாங்கும் இடம் மாறிவிட்டது, அவ்வளவே. அதனால்தான் உழைக்கிறது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிவிட்டு இறங்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து பிரேக் கட்டையில் உரசியது. அடிவாரத்தில் கழற்றியபோது ஆக்ஸில் இரண்டு துண்டாகக் கையில் வந்தது. உடைந்த முகத்தின் பாதி கறுத்துப் பழையதாக இருந்தது, மீதிப் பாதி வெள்ளி போல மின்னியது. அதாவது அது பல வாரங்களாகவே உள்ளுக்குள் விரிசல் விட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. நான்தான் கவனிக்கவில்லை.

ஆகவே அடுத்த செலவைக் கேசட் ஹப் கோத்த சக்கரத்துக்குச் செய்யுங்கள். ஷிமானோவின் தொடக்கநிலை ஹப்பே போதும். எட்டு, ஒன்பது, பத்து கியர்களுக்கான ஹப்பில் 4.5 மி.மீ. வளையம் ஒன்றைப் போட்டுவிட்டு ஏழு கியர் கேசட்டை மாட்டலாம். உங்கள் கியர் மாற்றியும் செயினும் அப்படியே இருக்கட்டும். ஹப்பும் கேசட்டும் சேர்த்துச் செலவு கூடும் என்பது உண்மைதான். ஆனால் மூன்று ஆக்ஸிலும் மூன்று முறை கடைக்கூலியும் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள்.

பின் சக்கரத்தில் கம்பி அறுந்துகொண்டே இருக்கிறது. நான்கு கம்பி மாற்றியாகிவிட்டது. ரிம்மை மாற்ற வேண்டுமா? (வாசகி, கோயம்புத்தூர்)

ரிம் நேராக இருந்தால் மாற்ற வேண்டாம் அம்மா. சக்கரம் ஒவ்வொரு முறை உருளும்போதும் தரைப்பக்கம் வரும் கம்பி சற்றுத் தளர்ந்து மீண்டும் இறுகுகிறது. முறுக்கு குறைவாக இருந்தால் இந்த ஆட்டம் அதிகமாகி, ஹப்பில் வளைந்து மாட்டும் கழுத்தில் உலோகம் களைத்துவிடும். நான்கு அறுந்துவிட்டது என்றால் மீதமுள்ளவையும் அதே களைப்பில்தான் இருக்கின்றன. ஒன்றொன்றாக மாற்றுவது வீண். எல்லாக் கம்பிகளையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். 2 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும், அதை ரிம்மில் பிடிக்கும் பித்தளை நிப்பிளும் கேளுங்கள். அலுமினிய நிப்பிள் நம் கடலோர ஈரக்காற்றில் அரித்துப் பிடித்துக்கொள்ளும். சில கிராம் எடைக்காக அதை வாங்க வேண்டாம்.

கோத்து முடித்ததும் நீங்களே சோதிக்கலாம். வலப்பக்கக் கம்பிகளை வீணைத் தந்தியைப்போல ஒவ்வொன்றாக மீட்டுங்கள். எல்லாம் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். இடையில் ஒன்று மந்தமாக ‘தொம்’ என்றால் அது தளர்ந்திருக்கிறது. பின் சக்கரத்தில் இடப்பக்கம் முழுவதும் சற்றுத் தாழ்ந்தே ஒலிக்கும்; அது இயல்பு, பயப்பட வேண்டாம். இழுவிசை அளக்கும் கருவி வைத்திருக்கும் கடை என்றால் வலப்பக்கம் 100 முதல் 120 கிலோ இழுவிசை, ரிம்முக்கு உரிய உச்ச வரம்பைத் தாண்டாமல் வைக்கச் சொல்லுங்கள்.

டிஸ்க் பிரேக் சைக்கிளுக்குச் சக்கரம் பார்க்கிறேன். ஆறு போல்ட், சென்டர்லாக் என்கிறார்கள். எது நல்லது?

இரண்டும் டிஸ்க்கை ஹப்பில் மாட்டும் முறைகள்தான். உங்களிடம் இருக்கும் டிஸ்க் எதுவோ அதுவே நல்லது. புது டிஸ்க் வாங்கும் செலவு மிச்சம்.

27.5 அங்குலச் சைக்கிளில் 29 சக்கரம் போட்டால் வேகம் கூடுமா? (பள்ளி மாணவர், மதுரை)

ஆசை புரிகிறது, ஆனால் செய்யாதே தம்பி. ரிம்மின் ஆரமே 19 மி.மீ. கூடிவிடும். ஃபிரேமிலும் முன் ஃபோர்க்கிலும் அவ்வளவு இடம் இருக்காது. உட்கார்ந்தாலும், சேறு ஒட்டினாலோ சஸ்பென்ஷன் அமுங்கினாலோ டயர் இடிக்கும். அந்தப் பணத்தில் நல்ல டயர் இரண்டு வாங்கு. வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

பழைய சக்கரம் மலிவாக வருகிறது. என்ன பார்க்க வேண்டும்?

டயரைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். விற்பவர் சம்மதிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். ரிம்மில் நிப்பிள் துளைகளைச் சுற்றி விரலை ஓட்டுங்கள். நகம் மாட்டும் அளவுக்கு மயிரிழை விரிசல் இருந்தாலும் வேண்டாம். ரிம் பிரேக் வகை என்றால் பிரேக் கட்டை உரசும் பக்கச் சுவர் குழிந்திருக்கிறதா என்று நேர்க்கோல் வைத்துப் பாருங்கள். பிறகு ஆக்ஸிலை இரு விரலால் மெல்லச் சுழற்றுங்கள். மணல் நெறிபடுவது போல உணர்ந்தால், பால்ரஸ்ஸும் கிரீஸும் மாற்றினாலே சில நேரம் சரியாகிவிடும். ஆனால் அவை உருளும் கிண்ணம் குழி விழுந்திருந்தால் மாற்ற வழியில்லை. ரிம்மில் இரட்டைச் சுவர் (டயர்ப்பக்கம் ஒன்று, கம்பிப்பக்கம் ஒன்று, நடுவில் வெற்றிடம்) இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒற்றைச் சுவர் ரிம் கரடுமுரடான பாதைக்கு ஆகாது.

எங்கள் பக்கம் சீமைக் கருவேல முள். வாரம் மூன்று பஞ்சர். டியூப்லெஸ் ரிம்தான் வாங்க வேண்டுமா? (ஆசிரியர், இராமநாதபுரம்)

வசதி இருந்தால் வாங்குங்கள். உள்ளகலம் 25 மி.மீ. அளவில் எடுத்தால் 2.25 அங்குல டயர் நன்றாக உட்காரும். வசதி இல்லையென்றால் இருக்கும் டியூபுக்குள்ளேயே சீலன்ட் திரவம் ஊற்றலாம். மோட்டார் சைக்கிள் வகை வால்வு என்றால் உள்முனையைத் திருகிக் கழற்றிவிட்டு ஊற்றுவது எளிது. சிறு முள்துளைகளை அது அடைத்துவிடும். புது ரிம் வாங்கும்போது வால்வுத் துளையையும் கவனியுங்கள். மோட்டார் சைக்கிள் வகை வால்வுக்கு ஏறத்தாழ 8.5 மி.மீ. துளை வேண்டும், மெல்லிய வால்வுக்கான 6.5 மி.மீ. துளையில் அது நுழையாது.

சக்கரம் கோத்து வாங்கியாகிவிட்டது. இனி கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு. முதல் 50, 60 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு கட்டாயம் ஒரு முறை பெண்டு எடுங்கள். கம்பிகள் தங்கள் இடத்தில் அமர்ந்து சற்றுத் தளர்ந்திருக்கும். கூலி பேசும்போதே இந்த இரண்டாம் முறையையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.