ட்யூனர் வாங்குவதற்கு முன் ஒரு பென்சில்

கேள்வி: மூன்று வருடமாக ஒரு எலெக்ட்ரிக் கிதார் வைத்திருக்கிறேன், விலை குறைந்த ரகம்தான். ஒரு பாட்டு முடிவதற்குள் சுருதி இறங்கிவிடுகிறது. மூன்றாம் தந்தியில் பெண்ட் செய்தால், அதாவது விரலால் தந்தியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றினால், கேட்கவே வேண்டாம். தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் ஆறு ட்யூனரையும் கழற்றிவிட்டு லாக்கிங் ட்யூனர் போட நினைக்கிறேன். பல்சக்கர விகிதம் 18:1 வாங்கலாமா, 15:1 போதுமா? ‘எல்லா கிதாருக்கும் பொருந்தும்’ என்று விற்கும் செட்டை நம்பலாமா?

பதில்: பெண்ட் செய்தால் இறங்குகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அதனால் எனக்கு ட்யூனர் மேல் சந்தேகம் வரவில்லை, நட் மேல்தான் வருகிறது. கழுத்தின் உச்சியில், தந்திகள் படிந்து போகும் பள்ளங்களோடு இருக்கிறதே, அந்தச் சின்னத் துண்டு. பெண்ட் செய்யும்போது தந்தி அந்தப் பள்ளத்தின் வழியாகக் கொஞ்சம் முன்னால் இழுபடும். விட்டதும் திரும்பிப் போக வேண்டும். பள்ளம் இறுக்கமாக இருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும், சுருதி இறங்கிவிடும்.

வீட்டிலேயே பார்க்கலாம். மூன்றாம் தந்தியைச் சுருதி சேர்த்து, நன்றாக ஒரு பெண்ட் செய்துவிட்டு ட்யூனிங் மீட்டரைப் பாருங்கள். இறங்கியிருக்கிறதா? இப்போது நட்டுக்கும் ட்யூனருக்கும் நடுவே அந்தத் தந்தியை விரலால் ஒருமுறை அழுத்தி விடுங்கள். சுருதி பழைய இடத்துக்கு ஏறினால் குற்றவாளி நட்தான். முறுக்கும்போது ‘டிக்’ என்று சத்தம் வந்து சுருதி ஒரே தாவாகத் தாவினாலும் அதே கதைதான். மெல்லிய பென்சிலைப் பள்ளத்தில் தேய்த்துப் பாருங்கள், கிராஃபைட் வழுக்கிக் கொடுக்கும். அதற்கும் அடங்காவிட்டால் பள்ளத்தைச் சரியான அளவு அரத்தால் சீர்செய்ய வேண்டும். அதைத் தெரிந்தவர் கையில் கொடுங்கள், அதிகம் அராவினால் தந்தி கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கம்பியில் (ஃப்ரெட்) உரசி இரையும்.

ட்யூனர் தானாக நழுவுவது நாம் நினைப்பதைவிட அபூர்வம். வீணைப் பிரடை மரத்தின் உராய்வை நம்பி நிற்பது, கிதார் ட்யூனர் அப்படி இல்லை. உள்ளே ஒரு புரித் தண்டு பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. தண்டால் சக்கரத்தைத் திருப்ப முடியும், சக்கரத்தால் தண்டைத் திருப்ப முடியாது. தந்தி எவ்வளவு இழுத்தாலும் அது பூட்டு மாதிரி நிற்கும். கையால் திருகும் பட்டனைக் கொஞ்சம் திருப்பியும் சுருதி அசையவே இல்லை என்றாலோ, தந்தி சுற்றும் தண்டு பக்கவாட்டில் ஆடினாலோ ட்யூனர் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள். அதற்கும் முன்னால் ட்யூனரின் மரை தளர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பல சமயம் அதை இறுக்கியதோடு வேலை முடிந்துவிடும்.

சரி, சோதித்துப் பார்த்தும் மாற்றத்தான் வேண்டும் என்கிறீர்களா? 18:1 என்றால் பட்டனை 18 முறை சுற்றினால் தந்தி சுற்றும் தண்டு ஒரு முறை சுற்றும் என்று பொருள். நுணுக்கமாகச் சேர்க்க வசதி, அவ்வளவுதான். அதிக எண் இருப்பதால் சுருதி கூடுதலாக நிற்காது. லாக்கிங் வகை தந்தியை அந்தத் தண்டுக்குள்ளேயே கவ்விப் பிடிப்பதால் சுற்றுகள் தேவையில்லை, தந்தி மாற்றுவது சீக்கிரம் முடியும், சுற்றுகள் இறுகுவதால் வரும் இறக்கமும் போகும். நட் சிக்கலுக்கு மட்டும் அது மருந்தில்லை. சில லாக்கிங் ட்யூனர்கள் கனமானவை, உடல் லேசான கிதாரில் தலைப்பக்கம் கீழே இழுக்கும்.

‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்ற வரியைக் கண்டால் அளவுகோலைக் கையில் எடுங்கள். இன்றைய ட்யூனர்கள் பெரும்பாலும் கிதாரின் தலையில் 10 மில்லிமீட்டர் துளை கேட்பவை. க்ளூசன் நிறுவனத்தின் பழைய பாணிக்குத் துளை ஏறக்குறைய 8.7 மில்லிமீட்டர்தான். பெரிய துளையில் பழைய பாணியைப் போட மாற்று வளையம் கிடைக்கிறது, மரத்தைத் தொட வேண்டியதில்லை. சின்னத் துளையில் புதிய ரகத்தைப் போடத் துளையைப் பெரிதாக்க வேண்டும், அதைத் திரும்பச் சின்னதாக்க முடியாது. பழைய, மதிப்புள்ள கிதார் என்றால் அதைச் செய்யவே செய்யாதீர்கள். செய்தே ஆக வேண்டும் என்றால் ட்ரில் வேண்டாம், மேல்பூச்சு பெயர்ந்து வரும். துளையைச் சுரண்டி அகலப்படுத்தும் ரீமரால் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாக.

துளையைவிட அதிகமாக ஏமாற்றுவது பின்புறம். சில ட்யூனர்களுக்கு ஒரே ஸ்க்ரூ, அதுவும் சாய்வாக. சிலவற்றுக்கு மேலும் கீழும் இரண்டு, சிலவற்றுக்கு ஸ்க்ரூவே இல்லாமல் இரண்டு சின்ன முளைகள். பழைய துளைகளோடு ஒத்துப்போகாவிட்டால் புதிதாகத் துளை போட வேண்டும், பழையவை பல்லிளித்துக்கொண்டு நிற்கும். பழைய துளைகளுக்கு ஏற்ற தனித் தகடோடு வரும் செட்டுகளும் உண்டு, கூடுதல் விலைக்குத் தகுதியானவை. ஆறும் ஒரே பக்கமா, மூன்று மூன்றா, இடக்கைத் தலையா என்பதைச் சொல்ல வேண்டியதில்லைதான், ஆனாலும் தவறாக வாங்கித் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்தச் சின்ன ஸ்க்ரூக்கள் விஷயத்தில் மட்டும் நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் தடவை துளை போடாமல் நேரே திருகினேன். தலை ஸ்க்ரூட்ரைவரோடு வந்தது, உடல் மரத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. மெல்லிய துளை போட்டு, ஸ்க்ரூவில் சோப்போ மெழுகோ தடவித் திருகுங்கள். பழைய துளை தளர்ந்திருந்தால் மரப் பசையில் தோய்த்த பல்குச்சியைச் செருகி, நன்றாகக் காய விட்டு, மீதியை வெட்டிவிடுங்கள்.

கேள்வி: கிதாரின் உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் துருப்பிடித்துவிட்டது. படத்தில் அச்சாக அதே மாதிரி தெரியும் ஒன்றை வாங்கினேன், தந்திகள் கழுத்தின் ஓரத்துக்குப் போய்விட்டன. ஏன்?

பதில்: தந்தி இடைவெளியைப் படம் சொல்லாது. முதல் தந்தியிலிருந்து ஆறாம் தந்தி வரை பிரிட்ஜில் அளந்து பாருங்கள். கைப்பிடியால் சுருதியை ஆட்டும் ட்ரெமோலோ வகையில் ஏறத்தாழ 52.5 மில்லிமீட்டர், 56 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவுகள் பரவலாக இருக்கின்றன. 52.5 இருந்த இடத்தில் 56 போட்டால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். உடலில் பதியும் ஸ்க்ரூக்களின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் அதே மாதிரி அளந்துகொள்ளுங்கள். இன்னொன்று: பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியும் அமரும் சாடிலின் ஸ்க்ரூக்களில் மெட்ரிக் மரையும் அங்குல மரையும் உண்டு, ஒன்றில் மற்றதைத் திணித்தால் மரை அழிந்துவிடும். துரு மேலாக மட்டும் இருந்தால் கொஞ்சம் எண்ணெயும் பழைய டூத் ப்ரஷ்ஷும் போதும், புதிய பிரிட்ஜைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் தங்க நிறத்தில் மாற்ற ஆசை. நிலைக்குமா?

பதில்: பூச்சு மெல்லியது. உள்ளங்கை படும் பிரிட்ஜில் முதலில் போகும், ட்யூனரில் கொஞ்சம் தாமதமாக. குரோம்தான் உழைக்கும். நிக்கல் மெல்ல மங்கும், அந்த மங்கல் பிடித்தே வாங்குகிறவர்களும் உண்டு. தங்கம்தான் வேண்டும் என்றால் ட்யூனரில் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், பிரிட்ஜை விட்டுவிடுங்கள். கழற்றிய பழைய பாகங்களை ஒரு டப்பாவில் போட்டு, ஸ்க்ரூ உட்பட, பத்திரமாக வையுங்கள். கிதாரை விற்கும்போது முதலில் கேட்பது அதைத்தான்.