கேளுங்கள், பேசுவோம்: ஹைட்டி மக்களும் நாமும்

கே: ஹைட்டி என்றாலே செய்தியில் கும்பல், கொலை, ஆட்கடத்தல்தான். "அந்த ஊருக்கெல்லாம் ஜனநாயகம் சரிப்பட்டு வராது" என்கிறார் என் வீட்டுக்காரர். எனக்கு மனம் ஒப்பவில்லை, பதில் சொல்லவும் தெரியவில்லை.
- ஈசூன் வாசகி

ப: அவரிடம் 1987 நவம்பர் 29 பற்றிச் சொல்லுங்கள், சகோதரி. டுவாலியே அப்பாவும் மகனுமாக 29 ஆண்டுகள் ஆட்டிப்படைத்த சர்வாதிகாரம் ஒழிந்து, மக்கள் நம்பிக்கையோடு ஓட்டுப் போட வந்த நாள் அது. தலைநகர் போர்ட்டோ பிரின்ஸில் ஒரு சந்து, அதில் ஒரு பள்ளிக்கூடம், அதுதான் வாக்குச்சாவடி. வரிசையில் நின்றவர்களை அங்கேயே கொன்று போட்டார்கள், தேர்தலும் ரத்தானது. மூன்று ஆண்டு கழித்து, 1990 டிசம்பர் 16 அன்று, அதே மக்கள் மறுபடியும் வரிசையில் வந்து நின்றார்கள். சிங்கப்பூரில் புளோக்குக்குக் கீழே ஓட்டுப் போட்டுவிட்டு அப்படியே காப்பிக் கடைக்குப் போகிற நமக்கு அந்த வரிசையின் கனம் லேசில் புரியாது.

அன்று அவர்கள் தேர்ந்தெடுத்தது ஏழைகளின் பாதிரியார் ஜான்-பெர்ட்ராண்ட் அரிஸ்டீடை, மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுகளோடு. பதவியேற்று எட்டு மாதம் ஆவதற்குள் ராணுவம் கவிழ்த்துவிட்டது. 1994ல் திரும்பி வந்தார், 2000ல் மறுபடி வென்றார், 2004 பிப்ரவரி 29 அன்று அமெரிக்க விமானம் அவரை மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் கொண்டுபோய் இறக்கியது. கடத்தினார்கள் என்கிறார் அவர், தானாகத்தான் போனார் என்கிறது வாஷிங்டன். அப்போது அமைந்த இடைக்கால அரசை ஏற்க மாட்டோம் என்று கரீபிய நாடுகளின் கூட்டமைப்பு மறுத்தது. சின்னச் சின்னத் தீவுகள் அவை, பெரிய நாடுகளின் தயவில் பிழைப்பவை, ஆனாலும் மறுத்தன. ஹைட்டி மக்களுக்கு ஆதரவு என்று நான் சொல்வது இதைத்தான்.

கே: நம் பங்குக்கு ஏதாவது பணம் அனுப்பினால் போதாதா? அரசியல் எதற்கு?
- பொங்கோல் வாசகர்

ப: பணத்தில்தான் அரசியலே தொடங்குகிறது. அடிமைகளே போராடி 1804ல் பிரான்ஸிடமிருந்து விடுதலை வாங்கிய நாடு அது. 1825ல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, முதலாளிகள் இழந்த சொத்துக்கு 150 மில்லியன் பிராங்க் நஷ்டஈடு கேட்டது. அந்தச் 'சொத்தில்' அடிமைகளும் அடக்கம், அதாவது தங்களையே தாங்கள் விலைகொடுத்து வாங்க வேண்டும். பிறகு 90 மில்லியனாகக் குறைத்தார்கள். அதைக் கட்டப் பிரெஞ்சு வங்கியிலேயே கடன், கடனுக்கு வட்டி, அதன் வால் முடிந்தது 1947ல்! இந்தியா சுதந்திரம் பெற்ற ஆண்டு. 2003ல் அரிஸ்டீட் இதைக் கணக்குப் போட்டு 2,100 கோடி டாலருக்கு மேல் திருப்பிக் கேட்டார், அடுத்த ஆண்டே அவர் பதவி போனது. 2025 ஏப்ரலில், 200வது ஆண்டில், இதை ஆராய வரலாற்றாசிரியர்கள் குழு அமைப்பதாகப் பிரான்ஸ் அதிபர் மக்ரோன் அறிவித்தார். பணத்தைத் திருப்பித் தருவதாக வாக்குக் கொடுக்கவில்லை.

இன்னொன்று. தென்னமெரிக்காவை விடுவிக்கப் போராடித் தோற்று வந்த சிமோன் பொலிவாருக்கு, 1816ல் ஆயுதமும் ஆளும் கப்பலும் கொடுத்தனுப்பியது ஹைட்டிதான். பதிலுக்குக் கேட்டது ஒன்றே ஒன்று: நீ போகிற இடத்தில் அடிமைகளை விடுதலை செய். தனக்கே இல்லாத நேரத்தில் ஊருக்குக் கொடுத்த நாட்டைப் பார்த்து நாம் 'ஐயோ பாவம்' என்று மட்டும் சொன்னால் எனக்கு மனசு ஆறாது.

கே: ஐநா படை போனதே, அது உதவி இல்லையா?
- ஜூரோங் வாசகர்

ப: 2004 முதல் 2017 வரை இருந்தது. 2010 நிலநடுக்கம் முடிந்த சில மாதங்களில் ஐநா முகாம் ஒன்றின் கழிவு ஆற்றில் கலந்து காலரா பரவி, பத்தாயிரம் பேர் அளவில் மாண்டார்கள். ஐநா மன்னிப்புக் கேட்க 2016 டிசம்பர் ஆனது. 2007ல், சிறுமிகள் உட்படப் பெண்களைப் பாலியல் சுரண்டல் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு இலங்கைப் படையினர் 100க்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்தச் சீருடையை அறிந்த நம்மில் பலருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது கும்பல்களின் கொடுமை உண்மை, பத்து லட்சம் பேருக்கு மேல் வீடிழந்து நிற்கிறார்கள், அதை நான் மழுப்பவில்லை. 2021ல் அதிபர் மொயீஸ் கொல்லப்பட்டார், 2023 ஜனவரியோடு தேர்ந்தெடுக்கப்பட்ட கடைசி செனட்டர்களின் பதவிக்காலமும் முடிந்தது. ஆனால் கும்பல்களின் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை வருவது அமெரிக்காவிலிருந்து, முக்கியமாக ஃபுளோரிடா வழியாக. படை அனுப்புகிறவர்கள் முதலில் அந்த வழியை அடைக்கட்டும்.

கே: சரி, சிங்கப்பூரில் இருந்துகொண்டு நாங்கள் என்ன செய்ய?
- செங்காங் வாசகி

ப: வெளிநாட்டு நிவாரணத்துக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்ட இங்கே அனுமதி வேண்டும், அதை வாங்காமல் உண்டியல் தூக்காதீர்கள். ஆதரவு காட்ட ஹோங் லிம் பூங்காவில் கூடலாம், குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டும்.

அப்புறம், எங்கள் வீட்டில் ஜனவரி 1 அன்று பரங்கிக்காய் சூப் வைக்கிறோம். அடிமைக் காலத்தில் ஹைட்டியில் அதைச் சமைத்தவர்களுக்குக் குடிக்கக் கிடைக்காது, முதலாளி மேசைக்குப் போய்விடும். அதனால் விடுதலை நாளில் அங்கே வீட்டுக்கு வீடு அந்த சூப்தான். தேக்கா சந்தையில் அரைப் பரங்கியும் ஆட்டெலும்பும் வாங்கி, பரங்கியை வேகவைத்து மசித்து, உருளைக்கிழங்கும் முட்டைகோசும் போட்டு, கடைசியில் ஒரு முழு மிளகாயை உடையாமல் மிதக்க விடுங்கள். அது கொதிக்கிற நேரத்தில் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிவிடலாம். பிறகு மேசையில் உட்கார்ந்து பிரெஞ்சுத் தூதரகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், நான் எழுதிவிட்டேன். 1825 என்ற ஆண்டையும் 150 மில்லியன் என்ற தொகையையும் அதில் விட்டுவிடாதீர்கள்.