போர்வெல் தண்ணீரில் யுரேனியம் அளக்கும்போது இரும்பும் குளோரைடும் ஏன் கணக்கைக் கெடுக்கின்றன?

ஒரே போர்வெல் தண்ணீரை இரண்டு ஆய்வகங்களில் கொடுத்தால் யுரேனிய அளவு ஏன் வேறுவேறாக வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் காரணம், தண்ணீரில் கூடவே கரைந்திருக்கும் மற்ற பொருள்கள்தான்.

இந்தியாவில் இதற்கு அதிகம் பயன்படுவது, ஒளிர்வை அளக்கும் புளோரிமீட்டர் என்ற கருவி. தண்ணீரில் சோடியம் பைரோபாஸ்பேட் சேர்த்து, புற ஊதா லேசரைப் பாய்ச்சினால், தண்ணீரில் கரைந்த யுரேனியத்தின் வடிவமான யுரேனைல் அயனி பச்சையாக ஒளிரும். அந்த ஒளியின் அளவுதான் கணக்கு. ஆனால் தூண்டப்பட்ட யுரேனைல் ஒளிர்வதற்கு முன்பே குளோரைடோ மாங்கனீசோ மோதினால் ஆற்றல் அங்கேயே போய்விடும், இரும்பு அதோடு நிற்காமல் லேசர் ஒளியையும் விழுங்கிவிடும், அதனால் யுரேனியம் இருந்தும் குறைவாகக் காட்டும். எனக்குப் பெரிய கவலை இதுதான், ஏனென்றால் குடிக்கிறவர் நல்ல தண்ணீர் என்று நம்பிவிடுவார்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? அதே தண்ணீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் யுரேனியம் சேர்த்துப் பாருங்கள். அளவு 6 மட்டும் ஏறினால் கருவி 60 சதவீதம்தான் பார்க்கிறது. முதலில் 24 காட்டியிருந்தால் உண்மை 40. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 30! தூய நீர் கலந்து நீர்க்கச் செய்து அளந்தாலும் இந்தத் தடை குறையும்.

மட்கிய கரிமப் பொருள் இதற்கு நேர்மாறு: தானே ஒளிர்ந்து அளவைக் கூட்டிக் காட்டும், அதை மேலே சொன்ன வழி சரிசெய்யாது. அந்த ஒளி நானோ நொடிகளில் அணைந்துவிடும், யுரேனைல் ஒளி மைக்ரோ நொடிகள் நிற்கும், அதனால் லேசர் துடிப்புக்குப் பின் கொஞ்சம் பொறுத்து அளக்கிற கருவியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.